கிட்டார் கலைஞர் ஆராய்ந்த தூசியும் சூரியனைவிட மூத்த தூசியும்

குவீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பது பலருக்கும் தெரியும். அவர் ஆராய்ந்தது விண்வெளித் தூசி என்பதும் சரி. ஆனால் இணையத்தில் சுற்றும் குறிப்புகளில் இவற்றோடு இன்னொன்றும் ஒட்டிக்கொள்கிறது: அந்தத் தூசி சூரியனைவிடப் பழையது, நட்சத்திரங்கள் வெடித்து வந்தது என்று. இது வேறொரு பொருளைப் பற்றிய செய்தி. அதை ஆராய்பவர்கள் வேறு, கருவிகள் வேறு, கேட்கப்படும் கேள்விகளும் வேறு.

2023-ல் பென்னு சிறுகோளின் மண் பூமிக்கு வந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. அந்தத் திட்டத்தில் மேயும் பங்கேற்றிருந்தார். அந்த மண்ணிலோ உண்மையிலேயே சூரியனுக்கு முந்தைய துகள்கள் கிடைத்தன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் ஒவ்வொன்றிலும் உள்ள சுவாரஸ்யம் தெரியும்.

## மூன்று வகைத் தூசி

1. கோளிடைத் தூசி. சூரியனைச் சுற்றி, கோள்களுக்கு இடையே பரவிக் கிடப்பது. வால்மீன்கள் சிதைவதாலும் சிறுகோள்கள் மோதுவதாலும் உருவாகிறது. மேயின் ஆய்வு இதைப் பற்றியது.

2. சூரியனுக்கு முந்தைய துகள்கள். சூரியன் பிறப்பதற்கு முன்பே வேறு நட்சத்திரங்களிலிருந்து வெளியேறிய வாயுவில் உறைந்த கனிமத் துகள்கள். விண்கற்களுக்குள் சிக்கி நம் கைக்கு வருகின்றன. 'சூரியனைவிட மூத்தது' என்ற அடைமொழி இவற்றுக்கே பொருந்தும்.

3. விண்மீனிடைத் தூசி. சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து இப்போதும் உள்ளே பாய்ந்துகொண்டிருப்பது. மூன்றில் நமக்கு மிகக் குறைவாகத் தெரிந்தது இதுதான்.

முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோளிடைத் தூசித் துகள் ஒன்றின் உடைந்த பொடிக்குள், அதைவிட மிகச் சிறிய சூரியனுக்கு முந்தைய துகள் ஒளிந்திருக்கலாம். 2003-ல் சூரியனுக்கு முந்தைய சிலிக்கேட் துகள்கள் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே இப்படித்தான். வளிமண்டலத்தின் மேலடுக்கில் விமானம் சேகரித்த கோளிடைத் தூசிக்குள் அவை இருந்தன.

## கோளிடைத் தூசி ஏன் பழையதல்ல

நகர விளக்குகள் இல்லாத இடத்தில், விடியலுக்கு முன்போ அந்தி முழுதாக மறைந்த பின்போ, சூரியன் இருக்கும் திசையின் அடிவானத்திலிருந்து மேல்நோக்கி ஒரு மங்கலான ஒளிக்கூம்பு எழும். இது இராசிமண்டல ஒளி. 1683-ல் வானியலாளர் காசினி இதை ஆராயத் தொடங்கினார். கோள்களின் தளத்தில் கிடக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதுதான் இது. தூசி தானாக ஒளிர்வதில்லை. அதனால் இந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் சூரியனின் நிறமாலைதான் கிடைக்கும், அதில் உள்ள கருங்கோடுகளோடு சேர்த்து.

இந்தத் தூசி நிலையாக அங்கே தங்குவதில்லை. துகள் சூரிய ஒளியை ஒரு திசையிலிருந்து வாங்குகிறது. வெப்பமாக எல்லாத் திசையிலும் விடுகிறது. ஓடிக்கொண்டே இதைச் செய்வதால் அதன் சுற்று உந்தம் சிறுகச் சிறுகக் குறைந்து, சுருள் பாதையில் சூரியனை நோக்கி இறங்குகிறது. பாயின்டிங்–ராபர்ட்சன் இழுவை என்று இதற்குப் பெயர். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆரமுள்ள பாறைத் துகள் பூமியின் தொலைவிலிருந்து கிளம்பினால் சுமார் 20,000 ஆண்டுகளில் சூரியனை எட்டிவிடும். ஒரு மைக்ரானுக்கும் சிறியவற்றுக்கு நேரெதிர் விதி: ஒளியழுத்தம் அவற்றில் பலவற்றை வெளியே தள்ளிவிடுகிறது.

ஆக, இப்போது நாம் காணும் தூசி மேகம் தொடர்ந்து நிரப்பப்பட்டுக்கொண்டே இருந்தாக வேண்டும். எது நிரப்புகிறது? வியாழனின் ஈர்ப்புக்கு உட்பட்ட குறுங்காலச் சுற்று வால்மீன்களே பெரும்பங்கு தருகின்றன என்பது இன்று வலுவான கருத்து. 1970-ல் இதற்கு விடையில்லை. தூசி கோள்களைப் போல ஒரே திசையில் சுற்றுகிறதா, எதிர்த்திசையிலும் சுற்றுகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பதே திறந்த கேள்வியாக இருந்தது. தூசியின் வேகத்தை அளந்தால் விடை கிடைக்கும். அதைத்தான் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மே எடுத்துக்கொண்டார்.

## பச்சை நிறத்தில் ஒரு கோடு

சூரிய நிறமாலையில் 5183.6 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளத்தில் மக்னீசியத்தின் ஆழமான கருங்கோடு ஒன்று உண்டு. பச்சைப் பகுதியில் இருக்கிறது. ஒளிப்பெருக்கிக் குழாய்கள் நன்றாக வேலை செய்யும் இடம். தூசி நம்மை விட்டு விலகினால் கோடு சிவப்புப் பக்கம் நகரும், நெருங்கினால் நீலப் பக்கம். இது டாப்ளர் விலகல்.

எவ்வளவு நகரும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். சூரியனிலிருந்து 30 டிகிரி விலகி, காலை வானத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. அந்தப் பார்வைக்கோடு சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளி, பூமி–சூரியன் தொலைவில் பாதியில் இருக்கும்.
2. பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. பாதித் தொலைவில் வட்டப்பாதையில் ஓடும் துகளின் வேகம் சுமார் 42 கி.மீ.
3. அந்தப் புள்ளியில் துகள் நம் பார்வைக்கோட்டின் மீதே ஓடுகிறது. பூமியின் வேகத்தில் பாதி, அதாவது 15 கி.மீ., அதே கோட்டில் விழுகிறது.
4. துகள் கோள்களின் திசையிலேயே சுற்றினால் 42 – 15 = 27; நொடிக்கு 27 கி.மீ. வேகத்தில் விலகும். கோடு சிவப்புப் பக்கம் அரை ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நகரும்.
5. எதிர்த்திசையில் சுற்றினால் 42 + 15 = 57; அந்த வேகத்தில் நெருங்கும். கோடு நீலப் பக்கம் கிட்டத்தட்ட 1 ஆங்ஸ்ட்ராம் நகரும்.

மாலை வானத்தில் குறிகள் அப்படியே தலைகீழாகும். உண்மையில் பார்வைக்கோடு முழுவதும் உள்ள தூசி சேர்ந்தே ஒளி தருவதால் கோடு நகர்வதோடு அகலவும் செய்யும். அதனால் பல கணித மாதிரிகளைக் கணக்கிட்டு, எது கோட்டின் வடிவத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

அரை ஆங்ஸ்ட்ராமை அவ்வளவு மங்கலான ஒளியில் அளக்கச் சாதாரண நிறமாலைமானி போதாது. மே கட்டியது ஃபேப்ரி–பெரோ கருவி. பகுதி பிரதிபலிக்கும் இரண்டு கண்ணாடித் தகடுகள், இடையே சிறு இடைவெளி. ஒளி அதற்குள் முன்னும் பின்னும் எதிரொலித்து, ஒரு சுற்றின் நீளம் அலைநீளத்தின் முழு மடங்காக வரும் நிறத்தை மட்டும் வெளியே விடும். எந்த நிறம் வெளியே வருகிறது என்பதை மாற்ற, தகடுகளை நகர்த்தவில்லை. இடையே உள்ள வாயுவின் அழுத்தத்தை மாற்றினார். அழுத்தம் ஏறினால் ஒளிவிலகல் எண் ஏறும், ஒளிப்பாதை நீளும். வாயு காற்றாக இருந்தால் ஒரு வளிமண்டல அழுத்த மாற்றத்துக்கு இந்த இடத்தில் சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம் நகர்வு கிடைக்கும். தேவைக்கு அளவாக இருக்கிறது. தகடுகள் அசையாததால் அவற்றின் இணைத்தன்மையும் கெடாது.

கருவியைத் தெனரீஃப் தீவில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள டெய்டே வானாய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1971 செப்டம்பர்–அக்டோபரிலும் 1972 ஏப்ரலிலும் 250-க்கும் மேற்பட்ட பதிவுகள் எடுக்கப்பட்டன.

இதில் தவறு நுழையும் வழிகள் பல. நிலவு இருந்தால் அதுவும் சூரிய ஒளிதான், அதே கோட்டோடு, வேறு வேகத்தில். பால்வழி பார்வையில் விழுந்தால் நட்சத்திரங்களின் மக்னீசியக் கோடுகள் கலக்கும். வெப்பநிலை மாறினால் தகட்டு இடைவெளி மாறி, தூசியே நகர்ந்ததுபோலத் தெரியும். ஆகவே பகல் வானத்தின் அசையாத கோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்பாராத தொல்லை ஒன்றும் வந்தது: இரவு வானத்தில் அதே இடத்தில் மக்னீசியம் ஒளி உமிழ்கிறது. கருங்கோட்டின் பள்ளத்தை அது நிரப்பி அதன் வடிவத்தைக் கெடுக்கிறது. தொல்லை என்று ஒதுக்காமல் அதையே ஒரு கண்டுபிடிப்பாக எழுதினார்கள். 1972-ல் நேச்சர் இதழில் வந்தது.

முடிவு: கோடு அதிகபட்சம் 0.6 ஆங்ஸ்ட்ராம் வரை நகர்ந்தது. தூசியில் பெரும்பகுதி கோள்களின் திசையிலேயே சுற்றுகிறது. ஆனால் காலைக்கும் மாலைக்கும் இடையே, எளிய மாதிரிகளால் விளக்க முடியாத சிறு வேறுபாடு இருந்தது.

## இசை குறுக்கே வந்தது, ஆனால் அடிப்படை ஒன்றுதான்

மே 1968-ல் இயற்பியல் பட்டம் பெற்றார். 1970-ல் முனைவர் ஆய்வும் குவீனும் ஒரே ஆண்டில் தொடங்கின. 1974-ல் இசைக்குழு மேலெழுந்தபோது, பெரும்பகுதி எழுதி முடித்த ஆய்வேட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அவருடைய இசையை அறிவியலோடு ஒட்டவைத்துப் பேசுவது பல இடங்களில் வெறும் அலங்காரம். ஆனால் அவருடைய கிட்டார் விஷயத்தில் அது பொருந்தும். 1963 ஆகஸ்டில், 16 வயதில், தந்தையோடு சேர்ந்து அதைக் கட்டத் தொடங்கினார். கழுத்துக்கு நூறாண்டு பழைய கணப்புச் சட்டத்தின் மஹோகனி மரம். தந்திகளைத் தளர்த்தி இறுக்கும் அமைப்பு ஒரு கத்தி விளிம்பில் ஆடுகிறது. எதிர்விசை தருவது பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். உராய்வு குறைவாக இருப்பதால், கம்பியை ஆட்டிவிட்டு விட்டாலும் சுருதி பழைய இடத்துக்கே திரும்பும்.

தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் மூன்று பிக்கப்புகள் தொடரில் இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்கு சுவிட்சும், அந்த அலையைத் தலைகீழாக்கும் ஒரு கட்ட சுவிட்சும் உள்ளன. இரண்டு பிக்கப்புகளின் கட்டத்தை எதிரெதிராக வைத்தால், தந்தியின் அடிப்படை அதிர்வும் கீழ் இசைவுகளும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருவதால் பெருமளவு ரத்தாகிவிடும். மேல் இசைவுகள் இரண்டு இடங்களிலும் வேறுபடுவதால் தப்பிக்கும். அந்தக் கூர்மையான மூக்கொலி இப்படி வருவது. அலைகள் கூடுவதும் கழிவதும்தான் ஃபேப்ரி–பெரோவிலும் நடப்பது.

1977-ல் வந்த, கால் தட்டலும் கை தட்டலுமே தாளமாக அமைந்த குவீன் பாட்டிலும் இதே கவனம் தெரியும். சில பேர் தட்டியதைப் பல தாமதங்களில் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பெருங்கூட்டமாக்கினார்கள். தாமதங்கள் ஒன்றுக்கொன்று மடங்காக இருந்தால் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, குழாய்க்குள் தட்டியதுபோலக் கேட்கும். அதைத் தவிர்க்கப் பகா எண் விகிதங்களைத் தேர்ந்ததாக மே விளக்கியிருக்கிறார்.

## 35 ஆண்டு பழைய தரவு எப்படிச் செல்லும்

2006-ல் மறுபடி பதிவுசெய்து, 2007 ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுத்து, வாய்மொழித் தேர்வில் தேறினார். மைக்கேல் ரோவன்-ராபின்சன் மேற்பார்வையாளர். புகழுக்காகக் கொடுத்த பட்டம் என்ற பேச்சு அப்போதே எழுந்தது. அது நியாயமில்லாத பேச்சு. காரணங்கள் துறைக்குள்ளேயே இருக்கின்றன.

- இந்த அளவீட்டை மீண்டும் செய்தவர்கள் மிகக் குறைவு. சூரிய மண்டலத் தூசி பல காலம் கவனம் பெறாத துறை.
- 1983-ல் ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் வானத்தைப் பார்த்தபோது தூசி ஒரே சீரான மேகமாக இல்லாமல் பட்டைகளோடு இருப்பது தெரிந்தது. பிறகு மற்ற நட்சத்திரங்களைச் சுற்றியும் தூசி வட்டுகள் கிடைத்தன. நம்முடைய வட்டைப் புரிந்துகொள்ளும் தேவை திரும்ப வந்தது.
- 2004-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு, நவீன கருவியில், இதே மக்னீசியக் கோட்டை வைத்தே அளவீடுகளை வெளியிட்டது. பழைய தரவை ஒப்பிட ஆள் கிடைத்தது.

இடைப்பட்ட 3 பத்தாண்டுகளின் ஆய்வுகளையெல்லாம் படித்து ஆய்வேட்டில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த வேலை சிறியதல்ல.

## உண்மையான மூத்த தூசி

இனி இரண்டாம் வகை. 1969 செப்டம்பர் 28-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரருகே விழுந்த விண்கல் இதன் சுரங்கம். 100 கிலோவுக்கும் மேல் சேகரிக்கப்பட்டது. ஆனால் தேடல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1960-களில் சில விண்கற்களைச் சூடாக்கியபோது, சூரிய மண்டலத்தில் எங்கும் காணாத ஐசோடோப் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) விகிதங்களில் செனானும் நியானும் வெளிவந்தன. வாயுவைச் சுமப்பது எது என்று கண்டுபிடிக்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சிகாகோவில் எட்வர்டு ஆண்டர்ஸ் குழு கையாண்ட முறை, வைக்கோல்போரைக் கொளுத்திவிட்டு ஊசியைத் தேடுவது. 1987-ல் நானோ வைரமும் சிலிக்கான் கார்பைடும், 1990-ல் கிராஃபைட்டும் பிரித்தெடுக்கப்பட்டன.

கொளுத்தும் முறை சுருக்கமாக:

1. விண்கல் துண்டைப் பொடித்து, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்திலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் மாற்றி மாற்றி ஊறவைத்தல். பாறையின் பெரும்பகுதியான சிலிக்கேட்டுகள் கரைந்துபோகும்.
2. கந்தகத்தைக் கரைத்து நீக்குதல். கரிமப் பொருளை டைகுரோமேட் போன்ற ஆக்சிஜனேற்றிகளால் எரித்தல்.
3. எஞ்சியதை அடர்த்தி வாரியாகப் பிரித்தல். கன செ.மீ.க்கு கிராஃபைட் சுமார் 1.6 முதல் 2.2 கிராம் வரை, சிலிக்கான் கார்பைடு 3.2 கிராம்.
4. கொதிக்கும் பெர்குளோரிக் அமிலத்தில் மிச்சக் கரியையும் அழித்தல்.
5. மையவிலக்குப் பொறியில் அளவு வாரியாகப் பிரித்து, தங்கத் தகட்டின் மேல் பரப்புதல்.

கடைசியில் சிலிக்கான் கார்பைடு மிஞ்சும். மூல விண்கல்லில் அது 10 லட்சத்தில் சில பங்கு முதல் சில பத்துப் பங்குவரைதான். இந்த முறையின் பெரிய குறை முதல் படியிலேயே இருக்கிறது. நட்சத்திரங்கள் உருவாக்கும் சிலிக்கேட் தூசியும் அங்கே கரைந்துபோகிறது. மிக அதிகமாக இருக்கக்கூடியதைக் காண முடியாமல் போனது இதனால்தான்.

இன்னொரு அபாயம் ஆய்வகத்திலேயே உண்டு. சிலிக்கான் கார்பைடு என்பது தேய்ப்புத் தாளில் உள்ள அதே பொருள். மாதிரியை மெருகேற்றும்போது ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டால், உருவத்தில் வித்தியாசம் தெரியாது. ஐசோடோப் அளவீடு மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

அந்த அளவீட்டுக்கு நானோசிம்ஸ் என்ற கருவி. 100 நானோமீட்டர் அளவில் குவித்த சீசியம் அயனிக் கற்றை துகளைச் செதுக்குகிறது. தெறித்த அயனிகளைக் காந்தம் நிறைவாரியாகப் பிரிக்கிறது. 7 வரையிலான உணரிகள் ஒரே நேரத்தில் எண்ணுகின்றன. இந்தக் கருவியை விண்துகளுக்குப் பழக்கியதில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எர்ன்ஸ்ட் ஸின்னருக்குப் பெரும்பங்கு. ஒரு மைக்ரான் பக்கமுள்ள துகளில் சுமார் 10,000 கோடி அணுக்கள்தான்; அளக்க அளக்கத் துகள் கரைகிறது. எந்தத் தனிமத்தை முதலில் அளப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். தவறிப்போனால் அந்தத் துகள் திரும்ப வராது.

சூரிய மண்டலப் பொருளில் கார்பன்-12, கார்பன்-13 விகிதம் சுமார் 89. சிலிக்கான் கார்பைடு துகள்களில் 90 சதவீதத்துக்கு இது பெரும்பாலும் 40–80. சூரியனைவிடச் சற்றுப் பெரிய, முதிர்ந்த சிவப்பு ராட்சத விண்மீன்களின் கையொப்பம் அது. 1 சதவீதம் அளவில் உள்ள எக்ஸ் வகைத் துகள்கள் சூப்பர்நோவாவிலிருந்து வந்தவை. அவற்றில் சிலவற்றில் கால்சியம்-44 மிகையாக இருக்கிறது. அது டைட்டானியம்-44 சிதைந்து வந்தது. டைட்டானியம்-44-இன் அரைவாழ்வு வெறும் 60 ஆண்டுகள். அது உயிரோடு இருக்கும்போதே துகள் இறுகியிருக்க வேண்டும். நட்சத்திரம் வெடித்த சில பத்தாண்டுகளுக்குள் உறைந்த ஒரு துகள் என்று அடித்துச் சொல்ல முடிவது இந்தக் கணக்கால்தான்.

நானோ வைரங்கள் இந்த வரிசையில் இன்னும் சர்ச்சைக்குரியவை. 2–3 நானோமீட்டர் அளவுள்ள ஒரு வைரத்தில் தனித்து அளக்கப் போதுமான அணுக்கள் இல்லை. மொத்தமாக அளந்தால் கார்பன் விகிதம் சூரியனைப் போலவே வருகிறது. அவற்றில் ஒரு பகுதி இங்கேயே உருவாகியிருக்கலாம்.

## 700 கோடி ஆண்டு: எப்படிச் சொல்கிறார்கள்

சூரிய மண்டலத்தின் வயது 457 கோடி ஆண்டுகள். 2020-ல் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் பிலிப் ஹெக் குழு, மர்ச்சிசனின் 40 பெரிய சிலிக்கான் கார்பைடு துகள்களை ஆராய்ந்து, மிக மூத்தவை சுமார் 700 கோடி ஆண்டு பழையவை என்றது.

முறை இது: விண்வெளியில் மிதக்கும் துகளை அண்டக்கதிர்கள் தாக்கும்போது சிலிக்கான் அணு உடைந்து நியான்-21 உண்டாகிறது. எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவு காலம் துகள் கதிர் பட்டிருக்கிறது. மழையில் வைத்த பாத்திரம் என்று செய்திகள் இதை எளிமையாக்கும். அந்த ஒப்புமையில் விட்டுப்போவது மூன்று விஷயங்கள்.

முதலாவது, உடைந்த நியான் அணு வேகமாகத் தெறிக்கும். சில மைக்ரானுக்கும் சிறிய துகளாக இருந்தால் வெளியே போய்விடும். பெரிய துகள்களை மட்டும் எடுத்தது இதனால், அவை அரிது. இரண்டாவது, விண்கல் பூமிக்கு வரும் வழியிலும் கதிர் பட்டிருக்கும், அதைக் கழிக்க வேண்டும். மர்ச்சிசனுக்கு அந்தக் காலம் குறைவு என்பதால் இது பெரிய பிரச்சினை இல்லை. மூன்றாவதுதான் உண்மையான பலவீனம்: பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டக்கதிர் எவ்வளவு இருந்தது என்பதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. மூத்த துகள்களின் பிழை எல்லை 100 கோடி ஆண்டுகளைத் தாண்டுகிறது.

'700 கோடி' என்ற எண்ணைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. பெரும்பாலான துகள்கள் சூரியனைவிட 30 கோடி ஆண்டுகளுக்குள்தான் மூத்தவை. விண்மீனிடை வெளியில் தூசியை அதிர்வலைகள் சில பத்துக் கோடி ஆண்டுகளில் அழித்துவிடும் என்ற எதிர்பார்ப்போடு இது ஒத்துப்போகிறது. அதையும் தாண்டி நீடித்த சிலவே தலைப்புச் செய்தியானவை.

## பென்னுவும் மூன்றாம் தூசியும்

பென்னுவின் மாதிரி 2023 செப்டம்பர் 24-ல் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது, 121.6 கிராம். மேயின் பங்கு மண்ணை ஆராய்வதில் இல்லை. விண்கலம் எடுத்த படங்களை இணை இணையாகச் சேர்த்து முப்பரிமாணப் படங்களாக்கினார். எங்கே பாறை உயர்கிறது, எங்கே கலத்தை இறக்கலாம் என்று குழு பார்க்க அவை உதவின. மாதிரியில் கிடைத்த சூரியனுக்கு முந்தைய துகள்கள் வேறு ஆய்வகங்களின் வேலை.

அவருடைய ஆய்வேட்டிலிருந்து நேராகத் தொடரும் கேள்வி மூன்றாம் வகையில்தான் இருக்கிறது. காலை–மாலை வேறுபாட்டுக்கு ஒரு சாத்தியம், சூரிய மண்டலத்தின் ஊடாகப் பாயும் விண்மீனிடைத் தூசி. 1970-களில் அதற்கு நேரடிச் சான்று இல்லை. 1990-களில் யுலிசிஸ் விண்கலம் அந்த ஓட்டத்தை நொடிக்கு சுமார் 26 கி.மீ. வேகத்தில் கண்டது. 2006-ல் ஏரோஜெல் என்ற மிக இலேசான, நுண்துளைகள் நிறைந்த திண்மத்தில் தூசியைப் பிடித்து வந்த ஸ்டார்டஸ்ட் விண்கலத்தில், 7 துகள்கள் விண்மீனிடையிலிருந்து வந்திருக்கலாம் என்று 2014-ல் அறிவித்தார்கள். 2016-ல் காசினி விண்கலத்தின் பதிவுகளில் 36 துகள்கள் அடையாளம் காணப்பட்டன. மக்னீசியம் நிறைந்த சிலிக்கேட்டுகள், வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றுபோல் இருந்தவை. மர்ச்சிசனில் கிடைக்கும் பலவகைத் துகள்களோடு இது பொருந்தவில்லை. காசினியின் உணரியில் மோதும் துகள் அந்த நொடியிலேயே ஆவியாகிவிடும். எந்தத் தனிமம் என்று அது சொல்லும், எந்த நட்சத்திரத்திலிருந்து வந்தது என்று சொல்லும் அளவுக்கு ஐசோடோப்புகளைப் பிரிக்காது. அதற்கு இந்தத் துகள்களை உடையாமல் பிடித்து, நானோசிம்ஸ் வரை கொண்டுவர வேண்டும்.